குனிந்தால் தெரியும் பூக்கள்

வணக்கம் நேயர்களே. ஆர்க்கிட் என்றதும் கல்யாண மேடையில் கட்டிய ஊதாப் பூக்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அவற்றைப் பற்றி அல்ல. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குத் தென்கிழக்கே மலைப்பகுதியில் ஸ்காட் கிரீக் என்றொரு பாதுகாப்புப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்று பெயரே தவிர, ஊஞ்சலோ புல்தரையோ கிடையாது, யூகலிப்டஸ் காடு. ஆவணி, புரட்டாசியில் இங்கே குளிர் விலகும். அப்போது அந்தக் காட்டுத் தரையில் ஆர்க்கிட்டுகள் பூக்கின்றன.

முதல் தடவை போனபோது இரண்டு மணி நேரம் நடந்தும் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. கடைசியில் அங்கே களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவர், "காலை அசைக்காதீர்கள்" என்றார். என் காலணிக்கு நாலு விரல் தள்ளி, பச்சை முக்காடு போட்டதுபோல் ஒரு சின்னப் பூ நின்றது. முக்காட்டுக்குள் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கொசுவைப் போன்ற ஒரு பூச்சி அதில் உட்கார்ந்தால், நாக்கு வெடுக்கென்று மேலே மடங்கிப் பூச்சியை உள்ளே அடைத்துவிடும். வெளியேற ஒரே இடுக்கு வழிதான். மகரந்தத்தை முதுகில் ஒட்டிக்கொள்ளாமல் அதில் நுழைந்து வர முடியாது.

சிலந்தி ஆர்க்கிட் இதைவிடப் பெரிய எத்தன். தைனிட் என்ற குளவி இனத்தில் பெண்ணுக்கு இறக்கை இல்லை. புல் நுனியில் ஏறி, வாசனையை விட்டுக் காத்திருக்கும். ஆண் பறந்து வந்து தூக்கிப் போகும். இந்தப் பூ அந்த வாசனையையே காற்றில் விடுகிறது. நடு இதழும் பெண் குளவியின் சாயலில் இருக்கிறது. மாப்பிள்ளை வருகிறார், ஏமாறுகிறார், மகரந்தத்தோடு போகிறார். அடுத்த பூவிலும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். இதற்குத் தேன் கூலியும் கிடையாது! ஆஸ்திரேலிய ஆர்க்கிட் ஒன்றில் இந்த ஏமாற்று வித்தையை 1927இல் எழுதி வெளிப்படுத்தியவர், மெல்பர்னைச் சேர்ந்த எடித் கோல்மன். ஆசிரியையாக இருந்து, பிறகு வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தவர். முதலில் குளவியைக் கவனித்தது அவருடைய மகள்.

"அழகாக இருக்கிறது, ஒன்றைத் தோண்டி வீட்டில் வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அது பிழைக்காது. ஆர்க்கிட் விதை தூசிதான். முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இல்லை. மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். வளர்ந்த செடிக்கும் அந்தத் துணை வேண்டும். கோடையில் தரைக்கு மேல் எதுவும் இருக்காது. மண்ணுக்குள் கிழங்கு உறங்கும். நம் நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்று விற்கிறார்களே, அதுவும் ஆர்க்கிட் கிழங்குதான். இங்குள்ள பூர்வகுடியினரும் ஆர்க்கிட் கிழங்குகளைத் தோண்டி உண்டவர்கள்.

செம்மூக்கு ஆர்க்கிட் என்று நான் பெயர் வைத்துக்கொண்ட ஒன்று, வருடக்கணக்கில் தரையோடு ஒட்டிய ஒற்றை இலையாகவே கிடக்கும். காட்டுத்தீ வந்துபோன மறு வசந்தத்தில், கரிக்கு நடுவே கூட்டமாகப் பூக்கும். அதைப் பார்த்த பிறகு எரிந்த காட்டைச் செத்த காடு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அந்த முதியவர் பிடுங்கிய களை எது தெரியுமா? அதுவும் ஓர் ஆர்க்கிட்! தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. குளவி, கொசு எதையும் நம்பாமல் தானே மகரந்தம் சேர்த்துப் பெருகிவிடும்.

இந்த மலைப் பூங்காக்கள் பலவற்றின் வாசலில் காலணி தேய்க்கும் தூரிகை இருக்கும். அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள். காலணியில் ஒட்டிய சேற்றோடு வேரழுகல் நோய்க்கிருமி ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிறது. பாதையை விட்டும் இறங்க வேண்டாம்.

இன்னொன்று, சூரிய ஆர்க்கிட் மப்பான நாளில் மொட்டாகவே நின்றுவிடும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் புறப்படுங்கள். நன்றி, வணக்கம்.