தையலைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கவில்லையே, ஏன்?

அடுத்த கேள்வி ஒரு சகோதரியிடமிருந்து வந்திருக்கிறது. நீளமானது, சுருக்கிப் படிக்கிறேன்.

"எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்து 18 நாள் ஆகிறது. வயிற்றில் ஐந்து சிறு துளைகள் போட்டார்கள். நான்கு ஆறிவிட்டன. தொப்புளுக்கு மேலே வலப்பக்கம் இருக்கும் ஒன்று மட்டும் ஒன்பதாம் நாள் சிவந்து வலித்தது. அன்றிரவு உடை நனையும் அளவுக்குச் சீழ் வந்தது. மருத்துவர் தையலைப் பிரித்துச் சீழை எடுத்தார், புண்ணை அப்படியே திறந்து விட்டுவிட்டார். தினமும் உள்ளே துணி வைத்துக் கட்டுகிறார்கள். திரும்பத் தைக்காதது ஏன்? குளிக்கலாமா? சாப்பாடு இறங்கவே மாட்டேன் என்கிறது. எடை இறங்குவதால்தான் புண் ஆறவில்லையா? 'நீயாகத் தேடிக்கொண்ட வினை' என்று வீட்டில் சொல்கிறார்கள்."

கடைசி வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், ஐந்தில் அந்த ஒன்று மட்டும் ஏன் என்று பார்ப்போம். இந்த அறுவைச் சிகிச்சையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுக்கிறோம். வெட்டிய துண்டு ஏதாவது ஒரு துளை வழியாகத்தானே வெளியே வர வேண்டும்? அந்தத் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தித்தான் இழுப்போம். கிருமி ஏறுவதற்கு மற்ற துளைகளைவிட அதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வழியாகத்தான் எடுத்திருப்பார். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புக்கு இரத்த ஓட்டமும் குறைவு. கிருமியோடு சண்டை போட ஆள் போய்ச் சேருவதற்குள் அங்கே சீழ் கோத்துவிடுகிறது.

இனி, தைக்காமல் விட்ட விஷயம். 'புரையோடிய புண்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேலே தோல் மூடியிருக்கும், உள்ளே சீழ் வழி தேடி ஓடிக்கொண்டிருக்கும். சீழ் பிடித்த புண்ணை அவசரப்பட்டுத் தைத்தால் அதுதான் நடக்கும். அதனால் புண்ணின் வாயைத் திறந்தே வைக்கிறோம். கிணறு தூர்வதுபோல அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து மேலே வர வேண்டும், தோல் கடைசியாக மூட வேண்டும். பார்ப்பதற்கு அச்சமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மருத்துவர் செய்தது சரியான வைத்தியம். கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். நாள்தான் பிடிக்கும். சில வாரங்கள் ஆகும், ஆழமான புண்ணானால் மாதத்தைத் தாண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் வாயின் அகலத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் ஆழத்தைப் பார்ப்பேன். கட்டுப் போடுகிறவரிடம் வாரம் ஒருமுறை ஆழம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டு, தேதியோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். மூன்று, இரண்டரை, இரண்டு என்று இறங்கிக்கொண்டிருந்தால் வாய் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. இரண்டு வாரமாக ஒரே எண்ணில் நின்றால் கேள்வி கேளுங்கள்.

கட்டுப் போடும் முறையைக் கொஞ்சம் காட்டுகிறேன், ஏனென்றால் பாதிச் சிக்கல் இங்கேதான் வருகிறது. இதோ, என் கையில் இருப்பது காஸ் துணி, நாடா மாதிரி நீளமாக இருக்கிறது. இதைச் சலைனில், அதாவது கிருமி நீக்கிய உப்புநீரில், நனைத்துப் பிழிய வேண்டும். சொட்டக் கூடாது, ஈரம் இருக்க வேண்டும். அடிவரை போகும்படி மெதுவாக மடித்து வைக்க வேண்டும். பார்த்தீர்களா, தளர்வாக வைக்கிறேன். மூட்டையைத் திணிப்பதுபோல அழுத்தினால் வளர்ந்து வரும் சதைக்கு இரத்தம் வராது. முனை ஒன்று வெளியே தெரிய வேண்டும். ஒரே துணியாக இருக்க வேண்டும், துண்டு துண்டாக வைக்கக் கூடாது. ஒரு பெண்மணி ஆறு வாரமாகப் புண் ஆறவில்லை என்று வந்தார். சர்க்கரை இல்லை, சாப்பாட்டிலும் குறை இல்லை. விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தால் நகத்தளவு காஸ் துண்டு ஒன்று மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்த பிறகு பத்து நாளில் தூர்ந்துவிட்டது. வைத்தது எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

பழைய துணியை எடுக்கும்போது உள்ளே நல்ல சிவப்பாக, சிறு சிறு குருணைபோலத் தெரிந்தால் அது புதுச் சதை. தொட்டால் துளி இரத்தம் கசியும். அதைக் கண்டு பயப்படாதீர்கள், மகிழ்ச்சியான இரத்தம் அது. மஞ்சளாக, இழுத்தால் இழைபோல வருவது செத்த திசு. எல்லா மஞ்சளும் சீழ் இல்லை. கெட்ட வாடையோடு கெட்டியாக வருவதுதான் சீழ். இன்னொன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுவது. நுரை பொங்கினால் சுத்தமாகிறது என்று ஒரு திருப்தி வருகிறது. அந்த நுரையில் கிருமியோடு சேர்ந்து புதிதாக வளரும் செல்களும் போய்விடுகின்றன. சலைன் போதும்.

குளிப்பதைப் பற்றி: மருத்துவர் சம்மதித்தால், கட்டு மாற்றுவதற்குச் சற்று முன் ஓடும் தண்ணீரில் குளிக்கலாம். தொட்டியிலோ குளத்திலோ ஊறக் கூடாது. வயிற்று மடிப்பு புண்ணின் மேல் விழுந்தால் ஈரம் அங்கேயே தேங்கும். ஒற்றித் துடைத்து, மின்விசிறிக்கு முன் ஐந்து நிமிடம் நின்று காயவிட்ட பிறகு கட்டுங்கள்.

ஆன்டிபயாடிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சீழுக்கு முதல் வைத்தியம் அதை வெளியேற்றுவதுதான். மருத்துவர் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். கொடுக்கவில்லை என்பதற்காக நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இப்போது சாப்பாடு. நீங்கள் சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். எடை இறங்குவது புண்ணுக்குப் பகை இல்லை, புரதம் இறங்குவதுதான் பகை. புதுச் சதை எதைக் கொண்டு வளரும்? இந்த அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குச் சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்று சொல்கிறோம். திறந்த புண் இருப்பவருக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம், அதை உங்கள் உணவு ஆலோசகர் கணக்குப் போட்டுச் சொல்வார். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது, 200 மில்லி பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் இரைப்பையோ இப்போது ஒரு சிறு கிண்ணத்துக்கு மேல் கொள்ளாது. ஆகவே மூன்று வேளைச் சாப்பாடு என்ற பழக்கத்தை மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். புரதப் பொடி கலந்ததை மிடறு மிடறாகக் குடியுங்கள். நீங்கள் திட உணவுக்கு மாறியிருந்தால், முதல் வாய் எப்போதும் புரதமாக இருக்கட்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். எழுதிக் கொடுத்த வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். எதைச் சாப்பிட்டாலும் வாந்தியாகிறது என்றால் அதைப் பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கும் அபாயம் அதில் இருக்கிறது.

சர்க்கரை நோய் இருந்தால், இரத்தச் சர்க்கரை 180-க்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சர்க்கரை வேகமாகக் குறையும், மருந்தின் அளவும் மாறும். அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். புகைபிடிப்பவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், புண்ணுக்குப் போகும் இரத்தக் குழாயைச் சுருக்கும் வேலையைத்தான் நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைக் கேட்காமல் விழுங்காதீர்கள், இரைப்பைக்குள் புண் வரலாம்.

எப்போது பயப்பட வேண்டும்? புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், அன்றே போக வேண்டும். தோல் கறுத்தாலோ, கொப்புளம் கிளம்பிப் பொறுக்க முடியாத வலி வந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எல்லாரும் வெளியே தெரியும் புண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே இரைப்பையில் போட்ட தையல் வரிசையில் கசிவு வந்தால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பருமனான உடலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் வயிறு சொல்லாததை நாடி சொல்லிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தொட்டால், மூச்சு வாங்கினால், இடது தோள்பட்டையில் காரணமில்லாமல் வலித்தால், குடித்தது புண் வழியாகவே வருவதுபோல இருந்தால், நேராக மருத்துவமனைக்குப் போய் 'எனக்கு இரைப்பை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்தவருக்குப் புண் சீழ் பிடித்தால் 'நீயாகத் தேடிக்கொண்ட வினை' என்று யாரும் சொல்வதில்லை. உடல் பருமனும் நோய்தான். அதற்கு வைத்தியம் செய்துகொண்டீர்கள், வைத்தியத்தில் வரக்கூடிய ஒரு சிக்கல் வந்திருக்கிறது. இந்த நாள்களில் அழுகை வருவதும், செய்திருக்கவே வேண்டாமோ என்று தோன்றுவதும் பலருக்கு நடக்கிறது. சாப்பிட முடியாமல், தூங்க முடியாமல் இருக்கும் உடம்பு மனத்தையும் சேர்த்துத்தான் இழுக்கும். அது வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'தேடிக்கொண்ட வினை' என்று சொன்னவரை நாளைக்குக் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நிற்க வையுங்கள். கையைக் கழுவிவிட்டு, அந்தத் துணியைப் பிழிந்து கொடுக்கச் சொல்லுங்கள். ஆழத்தை அவரே தாளில் எழுதட்டும்.

சரி, அடுத்த கேள்வி.