ஜெயித்தவர் என்று யாரைச் சொல்வது? (பிளஸ் டூ பாராட்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிளஸ் டூ பிள்ளைகளே, பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்கு மனசு ஆறாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்டிக் கிடந்த கருவேல முள்ளை வெட்டி, பிள்ளைகள் ஓடியாட இடம் பண்ணிக் கொடுத்தவர் அவர். பந்தல், மைக் செட், சாப்பாடு எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு செய்திருக்கிற பொருளாளர் அண்ணனுக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள்.

தலைமையாசிரியர் எனக்குக் கொடுத்த தலைப்பு, எது வெற்றி என்பது. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, எதை வெற்றி என்று வைத்துக்கொள்வது என்பதை நீங்களே முடிவு பண்ண வேண்டும். இரண்டு, அதில் பணத்துக்கு எவ்வளவு இடம். மூன்று, சொந்தக்காரர்கள் பேச்சை எவ்வளவு தூரம் காதில் வாங்கலாம். இந்த மூன்றுக்கும் என் கையில் இருப்பது ஒரே பழமொழிதான், நம்ம ஊர்ப் பெரியவர்கள் வயலில் நின்று சொன்னது: அகல உழுவதைவிட ஆழ உழு.

சீர்காழியில் 1892இல் பிறந்த ரங்கநாதன் என்று ஒருவர். எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார், சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனால் சம்பளம் பற்றவில்லை. அந்த நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகர் வேலை காலியாகிறது, சம்பளமும் அதிகம். 1924 ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தாங்க முடியவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசிப் பழகிய மனுஷன், இங்கே அலமாரிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறார். நேராகக் கல்லூரி முதல்வரிடம் போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். முதல்வர் என்ன சொன்னார் தெரியுமா? எப்படியும் படிப்புக்காக லண்டன் போகத்தானே போகிறாய், போய் வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் உன் இடம் உனக்குத்தான் என்றார்.

லண்டன் போனார். குரோய்டன் பொது நூலகத்தில் பயிற்சி. அங்கே ஏழை பணக்காரர், சின்னப் பிள்ளை, வயசானவர் என்று பார்க்காமல் எல்லோரும் வந்து புத்தகம் எடுத்துப் போகிறார்கள். அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமான் பார்க்கிறார், அதே துண்டுகளை மாற்றி மாற்றிக் கோர்த்தால் வேறு வேறு பொம்மை வருகிறது; புத்தகங்களை வகைப்படுத்தவும் இப்படி ஒரு வழி இருக்கிறதே என்று மண்டைக்குள் தட்டுகிறது. அதுதான் பின்னால் உலகமெங்கும் நூலகப் படிப்பில் பாடமாகிற கோலன் பகுப்பு முறை. 1925இல் ஊர் திரும்பியவர் கணக்கு வகுப்புக்குப் போகவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் அதே நூலகம். ஆழ உழுதார்! 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், முதல் விதியே புத்தகம் பயன்படுவதற்குத்தான் என்பது. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்களே, அதுவும் இந்த நூலக இயக்கத்தில் பிறந்ததுதான். பின்னாளில் தன் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயை நூலகப் படிப்புக்காகப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். அதிகச் சம்பளத்துக்காக வேலை மாறியவர்தான், நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பணத்துக்காகப் போன இடத்தில் பணத்தைவிடப் பெரிசாக ஒன்று கண்ணில் பட்டது, அதைத் தனக்கானது என்று எடுத்துக்கொண்டார்.

சரி, உங்களுக்கு எது கண்ணில் படும்? டாக்டர், இன்ஜினியர், கலெக்டர் என்று நாலு பெயரைத் தவிர வேறெதையும் காட்டாமல் ஒரு பிள்ளையிடம் போய், உனக்கு என்ன வேண்டும் முடிவு பண்ணு என்றால் அது நியாயமா? அகல உழுவதைவிட ஆழ உழு என்கிறோம், எந்த நிலம் தன்னுடையது என்று பார்க்கவே அந்தப் பிள்ளைக்கு வழி இல்லை. அதற்குத்தான் நூலகம். நம்ம ஊர் நூலகம் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னாலேயே பூட்டப்படுகிறது. போன வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பையை முதுகில் மாட்டியபடி, மூடின கம்பிக் கதவுக்குள் கையை விட்டு ஜன்னலோரம் தொங்கிய பத்திரிகையின் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகர் மேல் குறையில்லை, அவர் வேலை நேரம் அவ்வளவுதான். ஆனால் ரங்கநாதன் பாடுபட்டதால் 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் இருக்கிறது, நீங்கள் கட்டுகிற வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். காசு கொடுத்திருக்கிறோம். சாயங்காலம் எட்டு மணி வரை திறந்து வைக்கக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சொந்தக்காரர்கள் பேச்சைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன், நேரமாகிவிட்டது என்று பொருளாளர் அண்ணன் கைகாட்டுகிறார். நூலகத்தை எட்டு மணி வரை திறக்கச் சொல்லி நம்ம நூலக வாசகர் வட்டத்தின் சார்பில் எழுதிய மனு பந்தல் வாசல் மேசையில் இருக்கிறது. பெரியவர்கள் கையெழுத்துப் போடுங்கள், பிள்ளைகள் தனித் தாளில் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை மாவட்ட நூலக அலுவலகத்துக்குக் கொண்டு போகிறோம், கூட வர முடிகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.