எத்தனை டிபி வாங்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் முப்பது வருடமாகக் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். கடைக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது: "அண்ணே, வீட்டு போட்டோ, வீடியோ எல்லாம் போட்டு வைக்க எத்தனை டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?" டிபி என்றால் டெராபைட், ஒரு டிபி ஆயிரம் ஜிபி. நான் திருப்பிக் கேட்பேன்: "வீடியோ எவ்வளவு எடுப்பீங்க?"

போட்டோ இடத்தை அடைக்காது. செல்போன் படம் ஒன்று சுமார் 4 எம்பி. ஆயிரம் படம் சேர்ந்தாலும் 4 ஜிபிதான். விழுங்குவது வீடியோ. ஒரு தம்பி ஏற்காட்டுக்கு வண்டியில் போகும்போது 20 கொண்டை ஊசி வளைவையும் 4கே என்கிற மிகத் துல்லியமான தரத்தில் எடுத்து வந்தான். நிமிடத்துக்கு 350 எம்பி வாக்கில் ஆகும். மலையேறுகிற ஒரு மணி நேரத்துக்கு 20 ஜிபி. ஐயாயிரம் போட்டோ வைக்கிற இடம்! பார்த்தால் பாதி நேரம் முன்னால் போன பஸ்ஸின் முதுகுதான் தெரிகிறது.

அதனால் முதலில் கணக்குப் போடுங்கள். வீட்டில் நாலு போன், ஆளுக்கு வருடம் 60 ஜிபி என்றால் 240. ஐந்து வருடத்துக்கு 1200. அப்போ 2 டிபி போதும். ஆனால் 2 டிபி வாங்கி கம்ப்யூட்டரில் சொருகினால் 1.8 சொச்சம்தான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. 1 டிபி 931 ஜிபியாகத் தெரிவதும் இதனால்தான்.

இன்னொன்று. அதே பணத்துக்குப் பெரிதாக ஒன்று வாங்காதீர்கள், அளவாக இரண்டு வாங்கி, இரண்டிலும் அதே படங்களைப் போட்டு வையுங்கள். பட்டுச் சொல்கிறேன். அம்மா மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம் போடுவதை நாற்பது நிமிடம் எடுத்திருந்தேன். கூழ் எந்தப் பதத்தில் இறக்கணும், எலுமிச்சை எப்போ பிழியணும், காக்கா விரட்ட யார் உட்காரணும், எல்லாம் அவர் வாயால். 4 டிபி டிஸ்க் ஒன்றே ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது பேரன் கேபிளை இழுத்தான், மேசையிலிருந்து விழுந்தது. மறுபடி சொருகினால் 'டக், டக்' என்று சத்தம், அவ்வளவுதான். பழுது பார்க்கிறவரும் கையை விரித்துவிட்டார். தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு நிமிடத் துண்டு மட்டும் அவள் போனில் இருந்தது. மங்கலாக. எலுமிச்சை வருகிற இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டு வாங்கினேன் என்று இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள். ஒன்று தங்கச்சி வீட்டில் இருக்கட்டும். ஆமாம், இரண்டு. மறுபடியும் சொல்கிறேன், இரண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். சுழல்கிற தட்டுக்குப் பதில் சிப்பில் பதிகிற எஸ்எஸ்டி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: உள்ளே சுழல்கிற பாகம் கிடையாது, விழுந்தாலும் அவ்வளவு பயமில்லை, விலை கூடுதல், மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்க ஏற்றதில்லை. ஏற்காட்டில் இருப்பவர்கள், மழைக்கால ஈரத்துக்கு டிஸ்க்கோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, டப்பாவை இறுக மூடி வையுங்கள். வணக்கம்.