நிலாவெளிக் கடலுக்கு எந்த வில்லை?

(திருகோணமலையில் சுழியோடிகளும் ஒளிப்படக் கலைஞர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நீரடி ஒளிப்படத்துக்கு எந்த அகலக்கோண வில்லையை (லென்ஸை) வாங்குவது என்று கேட்பவர்களுள் பலர், விடையை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். கலியாண வீட்டிலும் தேர்த் திருவிழாவிலும் தமக்குக் கைகொடுத்த 16-35 மில்லிமீட்டர் வில்லையையே கடலுக்குள்ளும் கொண்டுபோகலாம் என்று நான் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். நான் சொல்ல வந்தது அதற்கு மாறானது. நமது கரையோரக் கடலுக்கு முதலில் வாங்கவேண்டியது, கோடுகளை வளையவிட்டு மிக அகலமாகக் காண்கின்ற மீன்கண் வில்லையே. கோடுகளை நேராகவே காட்டுகின்ற அந்த நேர்கோட்டு வில்லை, அதற்கென்று ஒரு தேவை எழும்போது இரண்டாவதாக வரட்டும்.

நீருக்குள் அகலக்கோணத்தை நாடுவது பரந்த காட்சியை அடக்குவதற்காக மட்டுமன்று. பொருளுக்கும் நமக்கும் இடையிலுள்ள நீரைக் குறைப்பதற்காகவே. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில் நமது கடல் அமைதியாகத்தான் கிடக்கிறது. ஆயினும் மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கின்ற கடல் இது. மிதக்கும் துகளுக்குப் பஞ்சமில்லை. சிவப்பு நிறமோ முதல் ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதை மீட்கின்ற, நீரடியில் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கின் ஒளியும் பொருள்வரை சென்று திரும்பவேண்டியிருப்பதால், ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுத்த படத்துக்கும் மூன்று மீட்டர் தள்ளி எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணினியில் எந்தத் திருத்தமும் ஈடுசெய்யாது.

பெரிய உணரியுள்ள முழுச்சட்டகக் கமராவில் 16 மில்லிமீட்டர் நேர்கோட்டு வில்லை மூலைக்கு மூலை ஏறத்தாழ 107 பாகை காண்கிறது. 15 மில்லிமீட்டர் மீன்கண் வில்லை 180 பாகை காண்கிறது. ஒரே ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டில் இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், முன்னையது நேர்கோட்டை நேராக வைத்திருக்க ஓரங்களை இழுக்கிறது. பின்னையது கோட்டை வளையவிட்டுக் கோணத்தைக் காப்பாற்றுகிறது. அந்த 107 பாகையின் மூலையில் அகப்பட்ட உருண்டையான முருகைக்கல் (பவளப்பாறை), தன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் வெளிப்புறமாக நீண்டு தெரியும். மூலையில் நீந்தும் உங்கள் தோழருடைய தலைக்கும் அதே கதிதான். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத் தீவின் முருகைக்கற்களில் நேர்கோடு என்று ஒன்று எங்கே இருக்கிறது? இல்லாத கோட்டைக் காப்பதற்காக இருக்கின்ற உருவங்களைக் குலைப்பது எனக்கு நல்ல வணிகமாகத் தோன்றவில்லை.

இதைவிட முக்கியமானது, கமராவை நீரிலிருந்து காக்கும் பெட்டியில் வில்லைக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி. தட்டைக் கண்ணாடியை இங்கே ஒதுக்கிவிடலாம். அதன் பின்னால் எவ்வளவு அகலமான வில்லையை வைத்தாலும், நீருக்கும் காற்றுக்கும் இடையே ஒளி கடக்கக்கூடிய எல்லையான அவதிக்கோணத்தின் காரணமாக நீரில் 97 பாகைக்கு மேல் காண இயலாது, காண்பதும் ஓரங்களில் நிறம் பிரிந்தே வரும். எனவே குவிமாடக் கண்ணாடி வேண்டும். நீர் ஒளியை வளைக்கும் அளவான முறிவுச் சுட்டி 1.33 ஆக இருப்பதால், குவிமாடம் தானே ஒரு விரிக்கும் வில்லையாகத் தொழிற்பட்டு, வெகு தொலைவிலுள்ள பொருளுக்கும் தன் ஆரையைப்போல் மூன்று மடங்கு தூரத்திலேயே ஒரு மாய விம்பத்தை உண்டாக்குகிறது. கமரா குவியப்படுத்துவது அந்த விம்பத்தையே. 23 சென்றிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளமானால் அது கண்ணாடியிலிருந்து ஏறத்தாழ 35 சென்றிமீட்டரில் நிற்கும். 10 சென்றிமீட்டர் விட்டமுள்ள சிறிய குவிமாடமானால் வெறும் 15 சென்றிமீட்டரில் நிற்கும். அதுவும் தொலைவிலுள்ள பொருளுக்கு. பொருள் நெருங்க நெருங்க விம்பம் இன்னும் கிட்ட வருகிறது. மேலும், அந்த விம்பம் தட்டையானதன்று, கிண்ணம்போல் வளைந்தது.

நேர்கோட்டு வில்லைகள் தட்டையான தளத்தைக் கூர்மையாகக் காட்டுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. ஆகவே நடுப்பகுதி கூர்மையாக இருக்கும்போது மூலைகள் குழைந்துபோகின்றன. அதைச் சமாளிக்கப் பெரிய குவிமாடத்தையும் வாங்கி, ஒளி நுழையும் துவாரத்தையும் எஃப் 13 வரை (எண் கூடக் கூடத் துவாரம் சிறியது) ஒடுக்கவேண்டியிருக்கிறது. மீன்கண் வில்லையோ மிகக் கிட்டக் குவியக்கூடியது. அதன் குவியப் பரப்பும் பெரும்பாலும் விம்பம் வளைகின்ற பக்கமே வளைவதால், சிறிய குவிமாடத்தின் பின்னாலும் எஃப் 8 அளவில் ஏற்கத்தக்க மூலைகளைத் தருகிறது. எஃப் 8க்கும் எஃப் 13க்கும் இடையே உள்ளே வரும் ஒளியின் அளவு இரண்டரை மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. ஸ்ட்ரோப் விளக்கின் வலுவுக்கும் பின்னணி நீலத்துக்கும் அது சிறிய விடயமன்று. சிறிய குவிமாடத்தைப் பாறை இடுக்குக்குள்ளும் நுழைக்கலாம், படகிலும் எளிதாக ஏற்றலாம். (அவ்வாறு நெருங்குவதற்காக முருகைக்கல்லில் முழங்கையை ஊன்றுபவர் எந்த வில்லையையும் வாங்காமலிருப்பது நல்லது.)

இனி மீன்கண் தோற்குமிடங்கள். புறாத் தீவில் பலரும் தேடிப்போகின்ற கருநுனிச் சுறா கூச்சமுள்ளது. சில மீட்டர் தள்ளியே வட்டமிடும். 180 பாகைச் சட்டகத்தில் அது நீலத்தில் ஒரு புள்ளியாகிவிடும். அங்கே 35 மில்லிமீட்டர் வரை நெருக்கக்கூடிய நேர்கோட்டு வில்லையே வேண்டும். நடுநீரில் மூலைகள் வெறும் நீலமாக இருப்பதால் அவற்றின் குழைவும் கண்ணில் படாது. சிறிய உணரியுள்ள கமரா வைத்திருப்பவர்களுக்கு ஓர் இடைவழியும் உண்டு: டொக்கினா நிறுவனத்தின் 10-17 மில்லிமீட்டர் மீன்கண் சூம் வில்லை 180 பாகையிலிருந்து 100 பாகை வரை ஒடுங்குகிறது.

மற்றொன்று, மனிதன் செதுக்கிய பொருள். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளை 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமி மலை என்னும் கோணேசர் மலையின் அடிக் கடலில் கண்டார்கள். அங்கே கிடக்கும் ஒரு தூணை மீன்கண் வில்லையால் அலட்சியமாக எடுத்தால், நேரான கல் வில்லாக வளைந்து, பார்ப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். சட்டகத்தின் நடுப்புள்ளி வழியாகச் செல்லும் கோடு மீன்கண்ணிலும் நேராகவே இருக்கும் என்பதால், தூணின் நீளத்தை நடுவில் கிடத்தி எடுப்பதுண்டு. ஆனால் இரண்டு தூண்கள் அருகருகே கிடந்தால் அந்த உபாயம் ஒன்றுக்குத்தான் உதவும். ஆவணமாக நிற்கவேண்டிய படத்துக்கு நேர்கோட்டு வில்லையும், பெரிய குவிமாடமும், பக்கத்தில் ஓர் அளவுகோலும் தேவை. கப்பற் சிதைவுகளின் பாய்மரத்துக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் இவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. துருவேறிய இரும்பு சற்று வளைந்தால் அதன் கம்பீரம் குறைவதில்லை.

கடைசியாக, இங்குள்ள இளைஞர்கள் எல்லாரும் எடுக்க விரும்புகின்ற, மேற்பாதியில் கோணேசர் மலையும் கீழ்ப்பாதியில் நீரடிக் கற்பாறையுமாக அமைந்த படம். மலை வெகு தொலைவில் இருக்க, நீருக்குக் கீழுள்ள விம்பம் கண்ணாடிக்கு மிக அண்மையில் நிற்கிறது. இரண்டையும் ஒருங்கே கூர்மையாக்கக் குவிய ஆழம் மிகுந்த மீன்கண்ணே உகந்தது. ஆனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் சிறிய குவிமாடம் போதாது. சிற்றலைகூட அதை முழுதாக மூடிவிடும். பெரிய குவிமாடத்தை இரவல் வாங்குங்கள், துவாரத்தை எஃப் 16க்கு ஒடுக்குங்கள், குவியத்தை நீரடிப் பாறையில் வையுங்கள், அடிவானத்தைச் சட்டகத்தின் நடுவிலேயே வையுங்கள். மேலே போனால் அது கூன் விழும், கீழே போனால் குழி விழும்.