அலை இல்லாத கடலுக்கு ஆள் ஏன் போகிறது?

(தலைப்பு: தூத்துக்குடிக்காரர் பெரிதும் தேடிப் போவது கடைத்தெருவையே! கடற்கரையையே! கடற்கரை அணியில் ஓர் உரை.)

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, பந்தலுக்குள் உட்கார்ந்தும் வெளியே பைக்கில் சாய்ந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் என் ஊர் மக்களே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி கடைத்தெருவுக்காக நன்றாகவே வாதாடினார். மக்ரூனைச் சொன்னார். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தத்தைச் சொன்னார். தீபாவளிக்கு முந்தின வாரம் வி.இ. ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது என்றார். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உட்காரப் போகும் நேரத்தில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "தூத்துக்குடிக் கடலில் அலையே கிடையாது. அதைப் போய்ப் பார்ப்பதற்குத் தெப்பக்குளத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்." முன்வரிசை முழுக்கக் கைதட்டியது. கையில் வைத்திருந்த குறிப்பை அப்போதே மடித்துப் பையில் போட்டுவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்க மாட்டேன்.

அதற்கு முன் மக்ரூனுக்கு ஒரு வார்த்தை. முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, அடுப்பின் சூட்டில் காயவைக்கிறார்கள். வாங்குவது கடையில், சரி. தின்பது எங்கே? பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேராக ரோச் பூங்காவுக்கு வந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, கடற்காற்று பட்டு இளகிப்போவதற்குள் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறோமா இல்லையா? கடைக்குப் போனவன் பொருள் கைக்கு வந்ததும் கிளம்பிவிடுகிறான். கடற்கரைக்கு வந்தவன் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். எந்த இடம் பிடித்த இடம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது அலைக்கு வருகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பல்லடம் பக்கம். முதல் நாள் ராத்திரி ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து மண்டபத்தில் இறங்கினார்கள். அதில் மாப்பிள்ளையின் பெரியம்மாவும் இருந்தார். தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். விடிந்து பார்த்தால் பெரியம்மாவைக் காணோம்!

மண்டபம் அல்லோலகல்லோலப்பட்டுப் போயிற்று. "பெரியம்மா வராம நான் தாலி கட்ட மாட்டேங்க" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். நான் தாய்மாமன், என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு திசையில் ஓடினோம். எங்கே ஓடினோம்? எதிரணி சொன்ன இடங்களுக்குத்தான்! ஊருக்குப் புதிதாக வந்த பெண்பிள்ளை வேறு எங்கே போயிருக்கப் போகிறார் என்று என் அண்ணன் பேக்கரிக்கு ஓடினான். பேக்கரி திறக்கவே இல்லை. மச்சான் பூக்கடைப் பக்கம் போனார். "இங்க யாரும் வரலியே அண்ணாச்சி" என்றார்கள். இன்னொருத்தர் பழைய பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை இட்லிக்கடையாக எட்டிப் பார்த்தார். கடைசியில் ஒருத்தர் ஜவுளிக்கடைக்கும் போய்விட்டு வந்தார். காலை ஆறே முக்காலுக்கு எந்த ஜவுளிக்கடை திறந்திருக்கும்? பதற்றத்தில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்?

கடைசியில் தவில்காரர்தான் சொன்னார்: "விடிகாலையில டீ குடிக்கப் போனப்ப ஒரு அம்மா, கடலுக்கு எந்தப் பக்கம் போகணும்னு கேட்டாவ. கையைக் காட்டிவிட்டேன்." நான் பைக்கை எடுத்தேன். பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை பின்னால் ஏறிக்கொண்டார். முத்துநகர் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தால், சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழம் ஏறியிருக்கிறது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு பெரியம்மா தண்ணீருக்குள் நிற்கிறார். பக்கத்தில் யாருமே இல்லை.

"பெரியம்மா, முகூர்த்தம் போகுது, ஏறி வாங்க" என்று மாப்பிள்ளை கத்துகிறார். அவர் திரும்பவே இல்லை. இருந்த இடத்திலிருந்தே சொல்கிறார்: "அட இருடா கண்ணு. இத்தன வயசுக்கு இன்னைக்குத்தான் பாக்கறேன். இன்னும் சித்த நேரம் பாத்துக்கறேன்." மாப்பிள்ளை என்ன செய்தார்? கூட்டிவருகிறேன் என்று பட்டு வேட்டியோடு உள்ளே இறங்கினார். இறங்கியவர் ஏறவில்லை, அவரும் நின்றுவிட்டார்! இப்போது தண்ணீருக்குள் இரண்டு பேர். கரையில் தாய்மாமன் நான், ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் செல்போன். போனில் என் அக்கா அழுகிறாள். "கிடைச்சிட்டாங்களா?" "கிடைச்சிட்டாங்க." "கூட்டிட்டு வா." "வரமாட்டேங்கிறாங்க." "மாப்பிள்ளையை விட்டுக் கூப்பிடச் சொல்லு." "அவரும் வரமாட்டேங்கிறார்."

தாலி ஏறும்போது ஒன்பதுக்குப் பத்து நிமிஷம்தான் பாக்கி. இன்றைக்கும் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளையின் வேட்டி முழங்கால் வரை ஈரம். அதற்கப்புறம் பெரியம்மா எத்தனையோ தடவை எங்களுக்குப் போன் பண்ணியிருக்கிறார். பேக்கரி எப்படி இருக்கிறது என்று கேட்டதே இல்லை. எடுத்ததும் கேட்பது "கடல் நல்லா இருக்குங்களா தம்பி?" என்றுதான்.

தம்பி, இப்போது நீங்கள் பதில் சொல்லுங்கள். கடலையே பார்த்திராத ஒரு வயசான அம்மா, விடியற்காலையில், துணைக்கு ஆளில்லாமல், முழங்கால் தண்ணீர் வரை எந்த தைரியத்தில் இறங்கினார்? வேறொரு கடற்கரையாக இருந்தால் காலுக்கடியில் மணலைப் பறித்துக்கொண்டு ஆளையே தள்ளியிருக்கும். இங்கே அலை இல்லை, அதனால்தான் இறங்கினார். நீங்கள் குறையாகச் சொன்னீர்களே, அந்தக் குறைதான் எங்கள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பயமில்லாமல் தண்ணீரில் இறக்குகிறது.

அலை ஏன் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். இது மன்னார் வளைகுடா. கிழக்கே இலங்கை குறுக்கே கிடக்கிறது. வடக்கே ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து நம் ஊர் வரைக்கும் 21 தீவுகள் வரிசை. வான் தீவும் காசுவாரும் காரைச்சல்லியும் நம் பக்கத்துத் தீவுகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளப்பாறை. வெளிக்கடலில் கிளம்பி வரும் அலை அந்தப் பாறையில் மோதி அங்கேயே அடங்கிவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினமும் கடலூரும் கன்னியாகுமரியும் பட்ட பாட்டை நாம் மறந்துவிட முடியுமா? நம் ஊர் அந்த அளவுக்கு அடிபடவில்லை. அந்தக் காவலுக்கு நாம் என்ன செய்தோம்? பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏற்றினோம். விலங்குசல்லி என்று ஒரு தீவு இருந்தது, இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. வான் தீவும் தேய்ந்து தேய்ந்து, இன்றைக்குச் சுற்றிலும் செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அலை இல்லையே என்று சிரிக்கிறோம் நடுவர் அவர்களே. அலையைத் தடுத்து நிறுத்துகிறவர்கள் அங்கே கரைந்துகொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. தம்பி பார்த்தது கரைக்கடல். வெளிக்கடல் எப்படி என்று மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகும் தோணிக்காரரைக் கேளுங்கள். திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவரைக் கேளுங்கள். புதுத்துறைமுகம் கட்டியபோது கடலுக்குள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டினார்களே, தெப்பக்குளத்துக்கு யாராவது அப்படிக் கல் கொட்டுவார்களா?

காணும் பொங்கலன்று ஊர் எங்கே போகிறது என்று பாருங்கள். கட்டுச்சோறும் கரும்பும் பனங்கிழங்குமாக முயல் தீவுக்கும் துறைமுகக் கடற்கரைக்கும்தான் போகிறது. அன்றைக்குக் கடைக்கார அண்ணாச்சியே பாதிக்கதவை இழுத்துவிட்டுக் குடும்பத்தோடு அங்கேதான் வருகிறார். வியாபாரம் என்று பார்த்தாலும் இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த வியாபாரம் கரையில்தான் நடந்தது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, அதற்கு மேலும் இறங்கி வந்து குடை இலவசம் என்றது. குடையை வேண்டாம் என்று தள்ளிவிட்டுச் சுதேசிக் கப்பலில் ஏறிய மக்கள் நின்ற கரை இது.

மணி அடித்துவிட்டார்கள், தெரிகிறது. இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள் நடுவர் அவர்களே.

என் அப்பா பழைய துறைமுகத்தில் தோணிக்கு உப்பு மூட்டை ஏற்றியவர். வலது தோளில் தோல் தடித்துக் கறுத்திருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் கைமுடியில் உப்பு பூத்திருக்கும், சின்ன வயதில் நான் அதை நகத்தால் சுரண்டி விளையாடியிருக்கிறேன். வேலையை விட்ட பிறகு அவர் கடைத்தெருவுக்குப் போய் நான் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆனால் கடற்கரைதான். நிற்கிற தோணியின் பேரைச் சொல்லி, அது எப்போது கிளம்பும், எவ்வளவு சரக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று தண்ணீர் மட்டத்தைப் பார்த்தே சொல்லுவார். படுக்கையில் விழுந்த கடைசி மாதத்திலும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடற்கரை வரைக்கும் ஒரு எட்டு கூட்டிட்டுப் போலே."

ஆடி அமாவாசைக்குத் துறைமுகக் கடற்கரையில் அவருக்குத் தர்ப்பணம் கொடுக்க நின்றேன். நம் ஊரில் எத்தனையோ பேர் அன்றைக்கு அங்கேதான் நிற்கிறோம். எள்ளும் தண்ணீரும் கையிலிருந்து விழுந்தது. அலை அடிக்கும் கடலாக இருந்தால் அப்போதே வாரிக்கொண்டு போயிருக்கும். இந்தக் கடல் வாரவில்லை. அந்த எள் என் முழங்காலைச் சுற்றியே நின்றது. போவதற்கு அதற்கும் மனசில்லை, விடுவதற்கு எனக்கும் மனசில்லை. நான் "அப்பா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்களும் அவரவர் அப்பாவை, அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தம்பி, இந்தப் பந்தலில் இருக்கிறவர்களைக் கேளுங்கள். பெற்றவர்களைப் பார்க்க எந்தக் கடைக்குப் போவார்கள்?

நடுவர் அவர்களே, உங்களுக்கு நாளை ராத்திரிதான் ரயில். பகல் முழுக்க இருக்கிறது. காலையில் ஐந்தரை மணிக்கு நானே பைக் எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வருகிறேன், அந்தப் பெரியம்மா நின்ற இடத்தில் நீங்களும் இறங்கி நின்று பாருங்கள். தீர்ப்பை மட்டும் இன்றைக்கே கடற்கரைக்குக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.