படகை விட்டுவிடாதீர்கள்

கயாக் துடுப்பு பிடிக்கும் நண்பர்களுக்கு வணக்கம். சென்னைக் கரையில் ஜூன், ஜூலை காலைகளில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும்; அரை கிலோமீட்டர் தாண்டினால் கதையே வேறு. அங்கே கூட வந்தவர் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

காற்று மணிக்கு 35 கிலோமீட்டரைத் தொட்டால், காலிக் கயாக் நீந்துகிறவரை முந்திக்கொண்டு ஓடும். ஆகவே விழுந்தவரின் ஒரு கை படகில், மறு கை துடுப்பில். அவர் அமரத்தை, அதாவது படகின் பின்முனையைப் பிடித்துக்கொண்டால், தண்ணீரில் கிடக்கும் உடம்பு நங்கூரம்போல இழுக்கும். அணியம், அதாவது முன்முனை, காற்று போகும் திசைக்குத் திரும்பும். நீங்கள் போய்ப் பிடிக்க வேண்டியது அந்த அணியத்தைத்தான். அலை வரும் பக்கத்தில் அவருக்குக் குறுக்கே போகாதீர்கள், அலை தள்ளி உங்கள் படகே அவர் மண்டையில் மோதும்.

கவிழ்ந்த நிலையிலேயே அணியத்தைத் தூக்கி உங்கள் மடிக்கு முன்னால் ஏற்றுங்கள். அவர் அமரத்தை அமுக்கினால் தூக்குவது எளிது. இருக்கைக்குப் பின்னால் நீர் புகாத தடுப்புச் சுவர் இருந்தால் தண்ணீர் சில நொடியில் கொட்டிவிடும். சுவர் இல்லாத படகில் அது பின்பக்கமாக ஓடித் தேங்கும், வெளியே வராது. அலை பெரிதாக இருந்தால் வடிக்கவே மெனக்கெட வேண்டாம். நிமிர்த்துங்கள், ஆளை ஏற்றுங்கள், பம்பால் நீரை வெளியேற்றுவது பிறகு.

இரண்டு படகும் ஒட்டி, எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கட்டும். விரலால் பிடித்தால் போதாது. அவர் படகின் மேல் நெஞ்சைச் சாய்த்து, மேல்தளக் கயிற்றை இரு கையாலும் பற்றுங்கள். இரு படகுக்கும் நடுவே விரல் போனால் நசுங்கும். அவர் காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, பின்தளத்தில் குப்புற ஏறி, காலை உள்ளே விட்டு, முகம் உங்கள் பக்கம் வரும்படி புரள வேண்டும். நீரில் உடம்பு செங்குத்தாகத் தொங்க ஏற முயல்கிறவர் திரும்பவும் விழுவார்.

இதற்குள் இரண்டு படகும் அடித்துக்கொண்டு போயிருக்கும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் என்றாலே ஐந்து நிமிடத்தில் 160 மீட்டருக்கு மேல். கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் தூண்டில் வளைவின் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கற்கள் அந்தத் தூரத்தில் இருக்கலாம். மூன்றாமவர் இருந்தால் 15 மீட்டர் கயிற்றைக் கோத்துக் காற்றுக்கு எதிராக இழுக்கட்டும். முன்னேற வேண்டாம், நழுவாமல் இருந்தாலே வெற்றி. இழுவைக் கயிறு இடுப்பில் ஒரே இழுப்பில் கழலும் வகையாக இருக்கட்டும்.

இரண்டு முறை ஏற்றியும் முடியவில்லையா? கௌரவம் பார்க்காதீர்கள். கடல்சார் VHF ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல், கைபேசியில் கடலோரக் காவல்படையின் 1554.

ஏறியவரை உடனே விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. உள்ளே ஆடும் தண்ணீர் அவரை மறுபடி கவிழ்த்துவிடும். பம்ப் அவர் அடிக்கட்டும், பிடி உங்களுடையது. இருக்கைத் துளைக்குள் நீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை மாட்டியபின், கையெட்டும் தூரத்தில் இருந்துகொண்டே பத்துத் துடுப்புப் போடச் சொல்லுங்கள். தடுமாறினால் திரும்பவும் பிடித்துக்கொள்ளுங்கள்.