பரண்மேல் ஒரு விளக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் அஞ்செட்டிப் பக்கத்தில் 'ஒற்றை யானை' என்றாலே ஊர் நடுங்கும். மதம் பிடித்தது, கூட்டம் துரத்திவிட்டது என்று கதை கட்டுவார்கள். ஆண் யானை வளர்ந்து பன்னிரண்டு, பதினைந்து வயதானால் தாய்க் கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோகும். அது அதன் இயல்பு.

என் மாமாவையும் ஊர் அப்படித்தான் பேசியது. அத்தை காலமான மறு வருடம், காட்டோரக் கொல்லையில் கொட்டகை போட்டுக் குடியேறிவிட்டார். பிள்ளைகள் பெங்களூரில். கல்யாணம், கருமாதி எதற்கும் வருவதில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். கோடாங்கியைப் பார்க்கச் சொன்னவர்களும் உண்டு.

அவரை அழைத்துவரத்தான் போனேன். களி கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பைக் கையிலிருந்து விடாமலே உட்காரச் சொன்னார். கையை நனைத்துக்கொண்டு உருட்டி, எனக்கொரு உருண்டை, அவருக்கொரு உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு. சாப்பிட்டு முடியும்வரை பேச்சே இல்லை. கிளம்பும்போது சொன்னார்: "ஊருக்குள் இருந்தால் பார்க்கிறவர்களெல்லாம் பாவம் என்கிறார்கள். இங்கே அவள் நினைப்போடு இருக்கிறேன். போதும்." அதற்குமேல் அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால், பிள்ளைகள் ஓசூர், திருப்பூர் என்று பிழைப்புக்குப் போய்விட, பேச ஆளின்றித் திண்ணையில் கிடக்கும் கிழவியின் தனிமை வேறு. அவள் அதைக் கேட்டு வாங்கவில்லை. அது உடம்பையும் அரிக்கும். உலக சுகாதார நிறுவனமே 2023-இல் இதற்காக ஓர் ஆணையம் அமைத்தது. முதியோர் உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் தினம் ஒரு நடை எட்டிப் பார்த்தால் எவ்வளவோ நல்லது.

மாமாவிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ராகிக் காவலுக்குக் கட்டிய பரணில், காவல் இல்லாத நாளிலும், இருட்டியதும் அரிக்கேன் விளக்கை மாட்ட வேண்டும். ஓடைக்கு இந்தப் பக்கம் என் தம்பி வீட்டு வாசலில் நின்றால் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

போன மார்கழியில் ஒரு நாள் விளக்கு எரியவில்லை. தம்பி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு டார்ச் லைட்டோடு ஓடினான். மாமா காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். தன் வீட்டில் தங்கச் சொல்லித் தம்பி எவ்வளவோ கெஞ்சினான். நான்காம் நாள் காலையிலேயே கொல்லைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத் தம்பி போன் செய்தான். "விளக்கு மாட்டிவிட்டார், அண்ணா."